நரைத்த பம்பர்

ஹட்டன் ரயில் நிலையத்துப் பக்கம் நிற்கும் பழைய கார்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். மாருதி 800, பி12 சன்னி, இடையில் ஒரு டவுன்ஏஸ் வேன். மெழுகு போட்டுத் துடைத்ததில் கதவில் முகம் பார்க்கலாம். பம்பர் மட்டும் சாம்பல் பூத்து, விளிம்பில் வெள்ளைக் கோடு விழுந்து கிடக்கும். கறுப்பாகப் பிறந்த சாமான்தான். மலைநாட்டு வெயில் அதை நரைக்க வைத்துவிட்டது.

"வெயிலா, அங்கேயா?" என்று கொழும்பு உறவினர்கள் சிரிப்பார்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீற்றர் ஏறினால் புறஊதாக் கதிர் 10 சதவீதமாவது கூடும். காற்று குளிர்ந்திருப்பதால் சுடுவது தெரியாது, அவ்வளவுதான். மெல்லிய மேகம் மூடினாலும் அந்தக் கதிரில் பெரும்பங்கு கீழே இறங்கிவிடும். கொழுந்து பறிக்கும் பெண்களின் கன்னம் கறுப்பதும் காரின் பம்பர் வெளுப்பதும் ஒரே வெயிலால்தான்.

பம்பர் பெரும்பாலும் பொலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. 1954இல் இத்தாலியில் ஜூலியோ நாட்டா இதை உறுதியான பிளாஸ்டிக்காக உருவாக்கினார். 1963இல் கார்ல் சீக்லரோடு சேர்ந்து நோபல் பரிசும் வாங்கினார். அடி தாங்குவதற்காக அதில் கொஞ்சம் ரப்பரைக் கலந்து, கரித்தூள் சேர்த்து வார்க்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் கதிர் பட்டதும் மேற்பரப்பிலுள்ள நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் அறுந்து, கண்ணுக்கு எட்டாத வெடிப்புகள் விழுகின்றன. வெளிச்சம் அந்த வெடிப்புகளில் சிதறுவதைத்தான் நாம் வெள்ளை என்று பார்க்கிறோம். உள்ளே கறுப்பு பத்திரமாக இருக்கிறது. கழற்றிப் பின்பக்கத்தைப் பார்த்தால் நேற்று வாங்கியது போலிருக்கும்.

குரோம் பம்பர் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. அதற்குத் துரு என்ற வேறு தொல்லை இருந்தது. ஏப்ரல் சீசனில் மகாகஸ்தொட்டையிலும் ரதெல்லையிலும் மலையேற்ற ஓட்டம் பார்க்கப் போனால், பார்க்க வந்தவர்கள் நிறுத்தியிருக்கும் மொரிஸ் மைனர்களில் அந்த மினுக்கை இன்னும் காணலாம். 1972இல் பிரான்சின் ரெனோ 5 பிளாஸ்டிக் பம்பரோடு சந்தைக்கு வந்தது. பிறகு உலகமே அந்தப் பக்கம் திரும்பியது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து நம் ஊரில் பழைய காருக்கு வந்த மவுசு எல்லோருக்கும் தெரியும். 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தார்கள். வரியைக் கேட்டதும் பலர் தங்கள் மாருதியின் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். டிக்கோயா பக்கத்துத் தேயிலை ஸ்டோர் ஒன்றில் டீமேக்கராக இருந்து ஓய்வுபெற்றவன். பெயின்ட் அடிப்பது என் தொழில் அல்ல. ஆனால் வாழ்நாளெல்லாம் ஈரக்காற்றோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். மலைநாட்டில் பம்பர் வேலையில் பாதி அந்த மல்லுக்கட்டுதான்.

முதலில் நம் கைவைத்தியங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சப்பாத்து பாலிஷ், தேங்காய் எண்ணெய், டீசல், கழிவு என்ஜின் ஒயில். எல்லாமே அன்று மாலை வரைக்கும் அழகு. ஒரு மழை பெய்தால் பாலிஷ் கரைந்து கோடு கோடாக வழியும். எண்ணெய் தோட்டத்துச் சாலைப் புழுதியை எல்லாம் அழைத்து ஒட்டவைத்துக்கொள்ளும். டீசல் பம்பரில் கலந்திருக்கும் ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். இவற்றைவிடப் பெரிய கெடுதல், பிறகு ஒழுங்காக பெயின்ட் அடிக்க நினைக்கும்போது தெரியும். வெடிப்புக்குள் இறங்கிய மெழுகும் எண்ணெயும் பெயின்டை ஒட்டவிடாது. கடையில் விற்கும் சிலிகன் கலந்த மினுக்குத் திரவமும் இதே ரகம்தான். அதன் மேல் பெயின்ட் விழுந்தால் சிறு சிறு வட்டக் குழிகளாக விலகி நிற்கும்.

வெப்பக்காற்றுத் துப்பாக்கி பிடிப்பவர்களும் உண்டு. சூடு பட்டதும் மேற்பரப்பு லேசாக இளகி வெடிப்புகள் மூடிக்கொள்ள, கறுப்பு மந்திரம் போட்டது போல் திரும்பும். பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் பொலிபுரொப்பிலீன் ஏறத்தாழ 160 பாகையில் உருகிவிடும். கை ஒரு நொடி அசையாமல் நின்றால் பம்பரின் சொரசொரப்பு வழுவழுவென்று ஆகிவிடும், அதைத் திருப்பிக் கொண்டுவர வழியில்லை. வந்த கறுப்பும் சில மாதங்களில் மறுபடி மங்கும்.

வெறும் நரை மட்டும்தான், உடைசல் இல்லை என்றால், பிளாஸ்டிக்கில் ஊறிப் பிடிக்கும் கறுப்புச் சாயம் போதும். நன்றாகக் கழுவி, துணியால் மெல்லியதாகப் பூசினால் முடிந்தது. பெயின்ட் கடைசி வழி. ஆழமான கீறல், பழைய பெயின்ட் உரிந்த திட்டு, ஒட்டுப்போட்ட தழும்பு என்று வந்தால்தான் அந்தப் பக்கம் போக வேண்டும்.

"ஐயா, அடிக்கிறது லேசு. ஒட்டுறதுதான் பாடு" என்பார் எனக்குத் தெரிந்த பெயின்ட் பாஸ் ஒருவர். உண்மை. பொலிபுரொப்பிலீன் எதையும் தன்மேல் ஒட்டவிடாத பிளாஸ்டிக். நம் வீட்டு வாளிகளில் பல இதே சாமான்தான். அதில் ஒட்டிய ஸ்டிக்கர் எத்தனை நாள் நின்றது என்று யோசித்துப் பாருங்கள். ஆகவே உங்கள் பம்பர் எந்தப் பிளாஸ்டிக் என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பின்பக்கம் பிபி என்றோ ஏபிஎஸ் என்றோ ஆங்கில எழுத்து அச்சாகியிருக்கும். பழைய காரில் அது தேய்ந்திருந்தால், உட்புறத்தில் பிளேடால் ஒரு சிறு சீவல் எடுத்து, ஒரு சொட்டு சோப்புக் கலந்த தண்ணீரில் போடுங்கள். பொலிபுரொப்பிலீன் தண்ணீரைவிட லேசு, மிதக்கும். ஏபிஎஸ் மூழ்கும். தாதுத்தூள் நிறையக் கலந்த பொலிபுரொப்பிலீனும் சில வேளை மூழ்கும் என்பதால் அச்செழுத்து இருந்தால் அதையே நம்புங்கள். ஏன் இந்தப் பாடு என்றால், ஏபிஎஸ்ஸைத் தின்னரால் அழுத்தித் துடைத்தால் அது இளகிப் பிசுபிசுத்துவிடும். பொலிபுரொப்பிலீனுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் அதற்கென்று தனி பிரைமர் வேண்டும்.

முடிந்தால் பம்பரைக் கழற்றிவிடுங்கள். போல்ட் துருப்பிடித்திருந்தால் முந்தின இரவே எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். அடுத்தது கழுவுதல். பாத்திரம் கழுவும் திரவம், பிரஷ், நிறையத் தண்ணீர். தேய்ப்பதற்கு முன்னால் கழுவ வேண்டும். தேய்த்துவிட்டுக் கழுவினால் எண்ணெயை வெடிப்புக்குள் நாமே திணித்தது போலாகும். கழுவியபின் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். தாமரை இலையில் உருள்வது போல் உருண்டால் இன்னும் எண்ணெய் இருக்கிறது. ஒரே தகடாகப் பரவி நிற்கும்வரை கழுவ வேண்டும்.

சொரசொரப்பான பம்பருக்கு வோட்டர் பேப்பரைவிடப் பாத்திரம் தேய்க்கும் நார்ப் பட்டை நல்லது. அது பள்ளங்களுக்குள்ளும் இறங்கும். முரட்டுப் பேப்பர் போட்டால் பொலிபுரொப்பிலீன் மயிர் மயிராகக் கிளம்பும், பெயின்டுக்கு மேலேயும் அது தெரியும். பிறகு ஐசோபுரொப்பைல் அல்கஹோலால் ஒரு துடைப்பு. அதன்பின் வெறும் கையால் தொடக் கூடாது.

அதற்குமேல்தான் பிளாஸ்டிக் பிரைமர். தண்ணீர் போல் நிறமில்லாமல் வரும் சாமான் இது. குளோரின் சேர்த்த பிளாஸ்டிக் கரைசல். ஒரு பக்கம் பம்பரையும் மறுபக்கம் பெயின்டையும் பிடித்துக்கொள்ளும். ஒரு மெல்லிய படை போதும். எவ்வளவு நேரத்துக்குள் பெயின்ட் அடிக்க வேண்டும் என்று டப்பாவில் எழுதியிருக்கும், அதை மீறாதீர்கள். பெயின்டை 20, 25 சென்றிமீற்றர் தள்ளி நின்று, கையை நிறுத்தாமல், மெல்லிய படைகளாக அடிக்க வேண்டும். முதல் படையில் பழைய நிறம் மறைய வேண்டும் என்று ஆசைப்பட்டால் வழிந்துவிடும்.

இனி என் துறைக்கு வருகிறேன். ஈரக்காற்றில் ஸ்ப்ரே அடித்தால் என்ன நடக்கும்? கரைப்பான் ஆவியாகும்போது அந்த இடம் சட்டென்று குளிர்கிறது. காற்றிலுள்ள ஈரம் அங்கே பனித்துப் பெயின்டோடு கலந்து, கறுப்பு பால் பூத்தாற்போல் வெளுக்கிறது. நரையைப் போக்கப் போய் புது நரை! ஸ்டோரில் கொழுந்து வாட்டும்போது ஒரு சட்டத்தில் இரண்டு வெப்பமானி தொங்கும். ஒன்று வெறுமனே, மற்றது ஈரத்துணி சுற்றியது. இரண்டின் வித்தியாசம்தான் காற்றின் வறட்சி. அதை நீங்களும் வீட்டில் செய்யலாம். 20 பாகை வெப்பத்தில் இரண்டுக்கும் 4 பாகை வித்தியாசம் இருந்தால் தாராளமாக அடிக்கலாம். 2 பாகைதான் என்றால் டப்பாவை உள்ளே வையுங்கள். நுவரெலியாவில் ஜனவரி முதல் மார்ச் வரை பகல் பத்து மணிக்குப் பிறகு நல்ல நேரம் கிடைக்கும். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் மே மாதம் தென்மேல் பருவக்காற்று தொடங்கிவிட்டால் நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

குளிருக்கு டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீரில் சற்று நேரம் வைக்கலாம். கொதிநீர் வேண்டாம். விறகடுப்புப் பக்கம் பம்பரைக் காயவைக்கவே வேண்டாம். அந்த ஆவி தீப்பிடிக்கும். சிலருக்கு ஸ்டோரின் வாட்டும் தட்டில் கொண்டுபோய்ப் போட்டால் என்ன என்று ஆசை வரும். தேயிலை எந்த மணத்தையும் இழுத்துக்கொள்ளும். அந்த நாள் தேயிலை முழுக்கத் தின்னர் வாசம் அடிக்கும், டீமேக்கருக்கு வேலை போகும்.

ஒரு வாரம் போனபின் மறைவான மூலையில் மாஸ்கிங் டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். டேப்பில் கறுப்பு வரவில்லை என்றால் பெயின்ட் பிடித்துவிட்டது.

காரின் நிறத்திலேயே பம்பரையும் பளபளவென்று அடித்துவிடலாமே என்று பலர் கேட்கிறார்கள். கொழும்பில் ஓட்டுகிறவர்கள் அடிக்கட்டும். பொகவந்தலாவைச் சாலையில் கல் தெறிக்கும், திருப்பத்தில் தேயிலைச் செடி உரசும், பள்ளத்தில் விழுந்தால் பம்பரின் தாடை தரையைத் தொடும். பளபளப்பில் ஒவ்வொரு கீறலும் எழுத்துப் போல் தெரியும். மங்கலான கறுப்பில் அடுத்த வருடம் ஒரு தொட்டுப்பூச்சோடு சமாளிக்கலாம். கறுப்பு பம்பரைக் கறுப்பாகவே விடுங்கள் என்பதுதான் என் தீர்ப்பு.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பம்பர் சந்தேகப்படும்படி கறுத்திருந்தால், ஒரு வெள்ளைத் துணியில் சோப்புத் தண்ணீர் தொட்டு அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணி கறுத்தால் அது பாலிஷ். விலையை அதற்குத் தக்கபடி பேசுங்கள்.