ஏணையும் கடனட்டையும்

வீட்டுக்கு ஒரு குழந்தை வருகிறதென்றால் ஏணை கட்டக் கயிறு தேடுவோம். சரக்குக் கறிக்கு மல்லியும் மிளகும் வறுத்து இடிப்போம். பெயர் வைக்க நாளும் நட்சத்திரமும் பார்ப்போம். ஆனால், தாய் உத்தியோகத்துக்குப் போகாத அந்த மாதங்களில் வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்று ஒரு கொப்பியில் எழுதிப் பார்க்கும் குடும்பங்கள் மிகச் சிலவே. நாமும் எழுதிப் பார்க்கவில்லை. அதனால் பட்ட துன்பத்தை இங்கே சொல்லத் துணிந்தமைக்குக் காரணம், வாசகர்களுள் ஒரு குடும்பமாவது அதிலிருந்து தப்பட்டும் என்பதே.

பேராதனையிலிருந்து மலைநாட்டைக் கடந்து பதுளை வழியாக வரும் நெடுஞ்சாலை வந்து முடியும் செங்கலடியில்தான் நம் இல்லம். மட்டக்களப்பு வழக்கப்படி அது நம் இல்லாள் சீதனமாகக் கொண்டுவந்த வீடு. அவர் பாடசாலை ஆசிரியை. நாம் கல்லூரியில் வணிகம் கற்பிப்பவர். எளிய வட்டி எது, கூட்டு வட்டி எது என்று கரும்பலகையில் எழுதிக் காட்டியே நமக்கு இருபது ஆண்டுகள் கழிந்துவிட்டன.

2022ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு கழிந்த சில நாட்களில் நமக்கு இரண்டாவது மகவு பிறந்தது. அது எத்தகைய காலம் என்பதை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை நெருங்கிற்று. எரிவாயு இல்லை; மண்ணெண்ணெய்க்கு வரிசை. செப்டெம்பர் மாதத்தில் நாட்டின் பணவீக்கம் 69.8 வீதம், உணவுப் பொருள்களுக்கோ 94.9 வீதம்.

சம்பளம் பாதி, வரவு பாதியன்று

அரச ஊழியையான தாய்க்கு 84 வேலை நாட்கள் முழுச் சம்பளத்துடன் பிரசவ விடுமுறை உண்டு. அதன்பின் விரும்பினால் 84 நாட்கள் அரைச் சம்பளத்துடனும், மேலும் 84 நாட்கள் சம்பளமின்றியும் எடுக்கலாம். குழந்தை மெலிந்திருந்தமையால் அரைச் சம்பள விடுமுறையையும் எடுப்பதென்று தீர்மானித்தோம். அது சரியான தீர்மானமே. அதன் கணக்கைப் பாராதிருந்ததுதான் பிழை.

அரைச் சம்பளம் என்றால் கைக்கு வருவதும் பாதி என்று பலர் எண்ணுகின்றனர். அப்படியன்று. உதாரணமாக, ஒருவரின் மாதச் சம்பளம் 50,000 ரூபா. வீட்டுக் கடன் முதலிய கழிவுகள் 15,000 ரூபா. கைக்கு வருவது 35,000 ரூபா என்று கொள்வோம். சம்பளம் 25,000 ரூபாவாகக் குறையும்போது கழிவு குறைவதில்லை. 15,000 ரூபா போக எஞ்சுவது 10,000 ரூபாவே. 35,000 ரூபாவில் பாதி 17,500 அல்லவா என்று நம்பியிருந்தவர், மாத முடிவில் திகைத்து நிற்பார். நாமும் அவ்வாறே நின்றோம்.

அட்டை காட்டிய வழி

நம் சட்டைப் பையில் ஒரு கடனட்டை இருந்தது. அரசாங்க வைத்தியசாலையும் தாய்மார் சிகிச்சை நிலையமும் இலவசமாக இருக்கவும், குடும்பநல மாது வாசல் தேடி வரவும், மனம் பதறித் தனியார் மருத்துவ நிலையத்துக்கும் இருமுறை ஓடினோம். பணம் கட்டியது அட்டை. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுக்கு ஊரைக் கூட்டி உணவளித்தோம். அதற்கும் அட்டை. அன்று நம் மாமி, “கடன வாங்கித்தான் பேரனுக்குப் பேர் வைக்கணுமா மனே?” என்று கேட்டார். பழைய காலத்து மனுஷி என்று எண்ணிச் சிரித்துவிட்டோம். பின்னர் பால் மாவும் அரிசியும்கூட அட்டையிலேயே வரத் தொடங்கின.

கடனட்டை வட்டியை 18 வீதத்துக்கு மேல் விடக்கூடாதென்று மத்திய வங்கி 2020 ஓகஸ்டில் கட்டளையிட்டிருந்தது. 2022 ஏப்பிரலில் அந்த எல்லை நீக்கப்பட்டது. அவ்வாண்டின் பிற்பகுதியில் பல வங்கிகளில் வட்டி 36 வீதத்தை எட்டிற்று. வங்கி அனுப்பிய அறிவித்தலை நாம் படிக்கவில்லை. படித்திருந்தாலும் யாரிடமும் சொல்லியிருக்கமாட்டோம். ஏனெனில், அட்டையில் சேர்ந்த கடனை நம் இல்லாளிடமே மறைத்திருந்தோம். பிள்ளை பெற்ற உடம்பு, மனம் நோகக்கூடாது என்பது நாம் நமக்கே சொல்லிக்கொண்ட சாக்கு. உண்மையில் அது வெட்கம்.

புரட்டாதியில் வந்த பற்றுச்சீட்டில் கடன் 1,80,000 ரூபா. கட்டவேண்டிய ஆகக் குறைந்த தொகை 9,000 ரூபா. “ஒன்பதினாயிரந்தானே” என்று மனம் ஆறுதலடைந்தது. அந்த ஆறுதலே பொறி. ஆண்டுக்கு 36 வீதமென்றால் மாதத்துக்கு 3 வீதம். 1,80,000 ரூபாவுக்கு மாத வட்டி 5,400 ரூபா. 9,000 ரூபா கட்டினால் முதலில் கழிவது 3,600 ரூபா மட்டுமே. புதிதாக ஒரு சதமும் வாங்காமல், மாதந்தவறாது 9,000 ரூபா கட்டினாலும் கடன் தீர 31 மாதங்கள் செல்லும். வட்டியாக மட்டும் 99,000 ரூபா போய்விடும். ஏணையில் கிடந்த குழந்தை ஓடியாடித் திரியும் வயது வரும்வரை அதன் பால் மாவுக்கு வட்டி கட்டிக்கொண்டிருப்போம்.

இக்கணக்கை நாம் போட்டது ஓரிரவு, மாணவரின் பயிற்சிக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தபோது. கூட்டு வட்டிக் கணக்கொன்றைப் பிழையாகச் செய்த மாணவனுக்குச் சிவப்பு மையால் புள்ளடி இட்டோம். அந்தப் புள்ளடி நமக்கும் உரியதென்று தோன்றிற்று. பேனாவை வைத்துவிட்டு, குழந்தைக்குப் பாலூட்டிக்கொண்டிருந்த இல்லாளிடம் பற்றுச்சீட்டைக் கொடுத்தோம்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்பு, “இதைச் சொல்ல உங்களுக்கு இவ்வளவு நாளா?” என்று மட்டும் கேட்டார். மறுநாட் காலை தம் கையிலிருந்த சோடிக் காப்பைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அடகு வைப்போம் என்றோம். “அதுக்கும் வட்டிதானே? வித்துப்போடுங்க. காப்பு நாளைக்கும் வாங்கலாம். மாசாமாசம் போற வட்டி திரும்பி வருமா?” என்றார். ரூபா வீழ்ந்தமையால் பொன் விலை உயர்ந்திருந்த நேரம். காப்பை விற்று, கடன் முழுவதையும் ஒரே நாளில் அடைத்தோம். வங்கிக்குக் கட்டவிருந்த அந்த 9,000 ரூபாவே அதன்பின் நம் குடும்பத்தைக் கரையேற்றிற்று.

காப்பில்லாத கைகள்

விற்பதற்கு நமக்கு ஒரு சோடிக் காப்பேனும் இருந்தது. நம் பிரதேசத்தின் உட்கிராமங்களில் அதுவும் இல்லாத தாய்மார் பலர். அவர்களின் சட்டைப் பையில் கடனட்டை இல்லை. படலைக்கு வாராவாரம் நுண்கடன் வசூலிப்பவர் வந்தார். அக்கடன்களால் குடும்பங்கள் நொந்ததன் விளைவாக, 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்களின் ஓர் இலட்சம் ரூபாவுக்குட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை அரசாங்கம் அறிவிக்க நேர்ந்தது.

சட்டம் தரும் உரிமையையும் அறிந்திருத்தல் வேண்டும். 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் தனியார் துறைத் தொழிலாளப் பெண்களுக்கும் நன்மை தருகிறது. மூன்றாம் குழந்தை முதலாக 42 நாட்கள் என்றிருந்த குறைபாடு 2018இல் நீக்கப்பட்டு, எத்தனையாவது குழந்தையாயினும் 84 நாட்கள் என்றாயிற்று. கடை, அலுவலக ஊழியருக்கான சட்டமும் அவ்வாண்டிலேயே அவ்வாறு திருத்தப்பட்டது. சந்தியிலுள்ள கடையில் வேலை செய்யும் பெண்ணும் இதைக் கேட்டுப் பெறலாம். ஆனால், வயலில் நாட்கூலிக்குக் களை பிடுங்குபவளுக்கும் வீட்டிலிருந்து பாய் இழைப்பவளுக்கும் விடுமுறைச் சம்பளம் கொடுப்பார் எவருமிலர். சமூகம் எண்ணிப் பார்க்கவேண்டிய குறை இது.

செய்யத்தக்கவை

நம் அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்லி முடிப்போம். குழந்தை பிறப்பதற்கு மூன்று மாதம் முன்பே கணவனும் மனைவியும் ஒன்றாக அமர்ந்து, விடுமுறைக் காலத்தின் ஒவ்வொரு மாதத்துக்கும் கழிவு போகக் கைக்கு வரும் தொகையை எழுதுக. அந்தக் குறைந்த தொகையிலேயே இரண்டு மாதம் முன்கூட்டி வாழ்ந்து பார்க்க, மிஞ்சுவதைச் சேமிப்பிலிடுக. இலவசமாகக் கிடைக்கும் சிகிச்சையையும், 1973 முதல் தாய்மாருக்கு வழங்கப்பட்டுவரும் திரிபோஷாவையும் தாழ்வென்று எண்ணாதீர்கள். சடங்கைச் சுருக்கினால் குழந்தைக்கு ஆயுள் குறைந்துவிடாது.

கடனட்டை இருப்பின், மாதக் கடனை முழுதும் கட்டக்கூடிய அளவுக்கே அதைப் பயன்படுத்துக. ஒரு மாதம் மீதி வைத்துவிட்டால், புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டி ஏறத் தொடங்குவதே பொதுவான நடைமுறை. அட்டையில் காசு எடுத்தலோ அன்றே வட்டியைத் தொடக்கிவிடும். கடன் தலைக்கு மேல் போகுமானால் வங்கிக்கு நேரே சென்று, நிலைமையைச் சொல்லி, குறைந்த வட்டியில் தவணைக் கடனாக மாற்றித் தருமாறு கேட்பதில் இழுக்கில்லை. யாவற்றுக்கும் மேலாக, இல்லாளுக்குத் தெரியாத கடன் இல்லத்தில் இருத்தலாகாது.

நம் இல்லத்தில் இப்பொழுது ஒரு கணக்குக் கொப்பி உண்டு. மாதத்தின் முதல் ஞாயிறன்று இருவரும் சேர்ந்து எழுதுகிறோம். விற்ற சோடியில் ஒற்றைக் காப்பு மீண்டும் வந்திருக்கிறது. மற்றதற்குச் சீட்டுக் கட்டிக்கொண்டிருக்கிறோம்.