தோசைக்கல்லும் யாத்திரைப் பையும்

திருவெறும்பூர் மலைமேல் எழுந்தருளியிருக்கும் எறும்பீஸ்வரரின் தலவரலாறு வழுக்கலைப் பற்றியது. தாரகாசுரனுக்கு அஞ்சிய தேவர்கள் எறும்பு உருக்கொண்டு வழிபட வந்தனர். எண்ணெய்ப் பசையுடைய லிங்கத் திருமேனியில் ஏற இயலாமல் சறுக்கினர். ஈசன் புற்று வடிவாகிச் சொரசொரப்பானார். ஏறுவதற்கு வாகாகச் சற்றுச் சாய்ந்தும் கொடுத்தார் என்பர்.

அம்மலையைச் சுற்றியுள்ள வீடுகளில் இன்று நடக்கும் வாதமும் ஒருவகையில் வழுக்கலைப் பற்றியதே. மாமியார் காலத்து இரும்புத் தோசைக்கல்லா, மகன் வாங்கித் தந்த நான்ஸ்டிக் கல்லா?

பெல் கொதிகலன் ஆலையில் உழைத்து ஓய்வு பெற்றோர் நிறைந்த ஊர் இது. இரும்பின் குணத்தை இவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. சிக்கல் மணிக்கட்டில் இருக்கிறது. வார்ப்பிரும்புக் கல் இரண்டு, மூன்று கிலோ எடை இருக்கும். எழுபது வயதில் அதை ஒரு கையால் தூக்கி இறக்குவது எளிதன்று.

ஆயினும் பழகிய இரும்புக்கு நிகர் இல்லை. மெல்லிதாகத் தடவிய எண்ணெய் சூட்டில் இறுகிப் படலமாவதைத்தான் கல் பழகுவது என்கிறோம். தேய்த்துக் கழுவியபின் அடுப்பிலேயே ஈரம் போக்கி, நல்லெண்ணெய் தடவி வைத்தால் துரு அண்டாது. வெங்காயம் புழங்காத வீடுகளில் கத்தரிக்காய்க் காம்பை எண்ணெயில் தோய்த்துக் கல்லில் தேய்ப்பார்கள். அந்த வழக்கம் இப்போது அருகிவிட்டது. இரும்புச் சட்டியில் சமைத்தால் உணவில் இரும்புச்சத்து சிறிது கூடும். புளிக்குழம்புக்கு மட்டும் அது ஆகாது. கறுத்து, உலோக வாடை ஏறிவிடும். உடலில் இரும்பு மிகுதி என்று மருத்துவர் சொல்லியிருப்போர் அவரைக் கேட்டே இச்சட்டியைப் புழங்க வேண்டும்.

ஒட்டாத பாத்திரத்தின் பூச்சு 1938இல் அமெரிக்காவில் தற்செயலாகக் கண்டறியப்பட்ட டெஃப்லான். அதனைப் பாத்திரத்தில் பூசியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். சுமார் 260 பாகை செல்சியசுக்கு மேல் அப்பூச்சு சிதையத் தொடங்கும். வெறும் பாத்திரத்தைப் பெருந்தீயில் வைத்தால் சில நிமிடங்களிலேயே அந்தச் சூடு வந்துவிடும். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி இன்னும் கறாரானது: 170 பாகைக்கு மேல் வேண்டாம் என்கிறது. ஆகவே சிறுதீ, மரக்கரண்டி. கீறல் விழுந்தால் பாத்திரத்தைக் கழித்துவிட வேண்டும்.

அதே வழிகாட்டி மண்பாண்டமே மிகப் பாதுகாப்பானது என்கிறது. ஸ்ரீரங்கத்தில் அரங்கனுக்கு நாள்தோறும் புதிய மண்பானையில் தளிகை அமுது செய்விக்கும் வழக்கத்தை அறிந்தோருக்கு இதில் வியப்பேதும் இராது. வீட்டு நைவேத்தியத்துக்கு நான்ஸ்டிக் ஆகுமா என்று சிலர் தயங்குவதுண்டு. நைவேத்தியத்துக்கென்று சிறு வெண்கலப் பானையோ எவர்சில்வர் பாத்திரமோ தனியே வைத்துக்கொண்டால் தயக்கம் தீர்ந்தது. கை நடுங்கும் மூதாட்டி தமக்கான தோசையை இலேசான கல்லில் வார்த்துக்கொள்வதில் குற்றம் காண வேண்டியதில்லை.

காசி, இராமேசுவரம் என்று புறப்படுவோர் முதலில் ஒன்றை ஒதுக்க வேண்டும். ரயிலில் அடுப்பும் எரிவாயு உருளையும் கூடவே கூடாது. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில், மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டியில், லக்னோவிலிருந்து யாத்திரை வந்தவர்களுள் ஒன்பது பேர் தீயில் மாண்டனர். விதியை மீறி உள்ளே கொண்டுவரப்பட்ட எரிவாயு உருளையே காரணம் என்று ரயில்வே தெரிவித்தது. தேநீர் போடுவதற்காக மூட்டிய அடுப்பு என்று அப்போது செய்தி வந்தது.

தங்குமிடத்தில் சமைக்க அனுமதி இருந்தால், வார்ப்பிரும்பைச் சுமக்காமல் மெல்லிய இரும்புத் தகட்டுக் கல்லை எடுத்துச் செல்லலாம். மின்தூண்டல் அடுப்பிலும் அது சூடேறும். அலுமினிய நான்ஸ்டிக் பாத்திரங்கள் பல அதில் சூடாகா. அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குவது நல்லது. இரும்புக் கல்லுக்கு எண்ணெய் தடவிப் பழைய வேட்டித் துணியில் சுற்றிவிட்டால் பையில் துரு படியாது. புளிக்காய்ச்சலை மட்டும் இரும்பிலோ அலுமினியத்திலோ வைக்காமல் கண்ணாடிக் குப்பியிலோ எவர்சில்வர் சம்புடத்திலோ எடுத்துச் செல்ல வேண்டும்.