எல்லாப் பூட்டும் சரி, பிழை எங்கே?

லினக்ஸ் கெர்னலில் 2016 அக்டோபர் 18 அன்று சேர்ந்த ஒரு திருத்தம் மிகச் சிறியது. ஒரே திரையில் முழுதாகப் பார்த்துவிடலாம். அதோடு லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய குறிப்புதான் கனமானது. இது பழைய பிழை என்றும், 2005-லேயே தான் இதை அடைக்கப் பார்த்ததாகவும், வேறொரு சிக்கலால் அந்தத் திருத்தம் திரும்பப் பெறப்பட்டதாகவும் அதில் ஒப்புக்கொண்டிருந்தார். ஓரிரு நாளில் அந்தப் பிழை 'டர்ட்டி கௌ' என்ற பெயரில் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அதன் அதிகாரபூர்வ எண் சிவிஇ-2016-5195.

கண்டுபிடிக்கப்பட்ட விதமும் வழக்கமானதல்ல. ஃபில் ஓஸ்டர் என்ற கெர்னல் வல்லுநர் தன் சர்வருக்குள் வரும் ஹெச்டிடிபி போக்குவரத்தை எல்லாம் பிடித்துச் சேமித்து வைக்கும் பழக்கம் உள்ளவர். சர்வருக்குள் யாரோ நுழைந்துவிட்டது தெரிந்ததும், சேமித்ததைக் கிளறி, தாக்கியவர் ஏற்றிய நிரலைத் தனியே பிரித்தெடுத்தார். அதை ஓட்டிப் பார்த்தபோது சாதாரணப் பயனர் சில நொடிகளில் முழு அதிகாரம் கொண்ட 'ரூட்' பயனர் ஆனார். அதாவது, கெர்னலை எழுதுபவர்கள் அடைக்கும் முன்பே திருடர்கள் இந்த ஓட்டையைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். 2007-ல் வெளியான 2.6.22 பதிப்பிலிருந்து ஒன்பது ஆண்டுகளாக அது திறந்தே இருந்தது. ஆண்ட்ராய்டு போன்களும் லினக்ஸ் கெர்னலில்தான் ஓடுகின்றன. 2017 செப்டம்பரில் ட்ரெண்ட் மைக்ரோ நிறுவனம் அடையாளம் கண்ட 'ஸ்நியு' என்ற தீநிரல் இதே பிழை வழியாகப் போன்களில் ரூட் அதிகாரத்தைப் பெற்றது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் சீனாவிலும் இந்தியாவிலும் இருந்தார்கள்.

பிழை இருந்த இடம் கெர்னலின் நினைவக மேலாண்மை. கெர்னல் நினைவகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்துக் கையாளுகிறது. பெரும்பாலான கணினிகளில் ஒரு பக்கம் 4 கிலோபைட். ஒரே கோப்பைப் பத்து நிரல்கள் திறந்தாலும் நினைவகத்தில் அதற்குப் பத்துப் பிரதி கிடையாது. எல்லாரும் பார்ப்பது ஒரே பொதுப் பக்கத்தை. தனிப்பட்ட முறையில் கோப்பை இணைத்துக்கொண்ட நிரல் அதில் எழுத முனைந்தால், அந்த நொடியில் கெர்னல் அந்தப் பக்கத்தைப் பிரதியெடுத்து அந்த நிரலுக்கு மட்டும் கொடுக்கிறது. எழுத்து பிரதியில் விழும், மூலம் அப்படியே இருக்கும். 'காப்பி ஆன் ரைட்' எனப்படும் இந்த ஏற்பாடு இல்லையென்றால் இன்றைய கணினிகளுக்கு நினைவகமே போதாது.

எழுத அனுமதியே இல்லாத பக்கத்திலும் எழுத ஒரு வழி கெர்னலில் உண்டு. அது பிழை தேட உதவும் டீபக்கர்களுக்காக வைக்கப்பட்டது. ஜிடிபி போன்ற கருவி ஒரு நிரலை நடுவில் நிறுத்த விரும்பினால், நிரலின் கட்டளைகள் இருக்கும் பக்கத்தில் ஒரு பைட்டை மாற்றி எழுத வேண்டும். அந்தப் பக்கமோ வாசிக்க மட்டும் அனுமதிக்கப்பட்டது. ஆகவே கெர்னல் முதலில் தனிப் பிரதி எடுக்கிறது, பிறகு கட்டாயமாக அதில் எழுதுகிறது. பிரதியில்தானே எழுதுகிறோம், யாருக்கும் கேடில்லை என்பது கணக்கு. கணக்கு சரிதான், பிரதி கடைசிவரை அங்கேயே இருக்கும் என்றால்.

அந்த வழியைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். எழுத வேண்டிய பக்கத்தைப் பெறும்வரை கெர்னல் ஒரு சுழலில் சுற்றுகிறது. கையில் 'எழுதப் போகிறேன்' என்ற கொடி. முதல் சுற்றில் பக்கம் இடத்தில் இல்லை, கொண்டுவந்து வைக்கிறது. அடுத்த சுற்றில் பக்கம் இருக்கிறது, எழுத அனுமதி இல்லை, எனவே பிரதி எடுக்கிறது. பிரதியிலும் அனுமதி 'வாசிக்க மட்டும்' என்றே இருப்பதால், கொடியை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டால் சுழல் முடியவே முடியாது. அதற்காகக் கெர்னல் ஒரு குறுக்குவழி எடுத்தது. பிரதி எடுத்தாகிவிட்டது, இனி எழுதும் கொடி எதற்கு என்று அதை இறக்கிவிட்டது. இறக்கிய அந்த இடைவெளியில், அதே நிரலில் இணையாக ஓடும் இன்னொரு த்ரெட் 'இந்தப் பக்கம் எனக்கு வேண்டாம், எறிந்துவிடு' என்று கெர்னலிடம் சொல்கிறது. தனிப் பிரதி போய்விடுகிறது. அடுத்த சுற்றில் கெர்னல் மறுபடி பக்கத்தைத் தேடுகிறது. இப்போது கையில் எழுதும் கொடி இல்லை, வெறும் வாசிப்பு போலத் தோன்றுகிறது. வாசிப்புக்குப் பிரதி எதற்கு? கோப்பின் மூலப் பக்கத்தையே எடுத்துக் கொடுக்கிறது. எழுத்து அதில் விழுகிறது. கோப்பு பயனர் பட்டியலாக இருந்தால், எழுதியவர் தன்னையே ரூட் ஆக்கிக்கொள்ளலாம்.

ரயில்வே கவுன்டர் இரண்டில் ஒரே கடைசி பெர்த்தைக் காலி என்று பார்த்து, இரண்டு பேரும் பணத்தை வாங்கிவிடுவது போன்ற சிக்கல் இது. பார்த்ததற்கும் செய்ததற்கும் நடுவில் உலகம் மாறிவிடுகிறது. இப்படி முடிவு, யார் முந்தினார் என்பதைப் பொறுத்துப் போவதைத்தான் 'ரேஸ் கண்டிஷன்' என்கிறார்கள்.

அந்த இடைவெளி மிகமிகக் குறுகியது. தற்செயலாக அதில் விழ வாய்ப்பு அநேகமாக இல்லை. ஆனால் தாக்குபவர் தற்செயலை நம்பி இருப்பதில்லை. ஒரு த்ரெட் ஓயாமல் எழுத, இன்னொன்று ஓயாமல் எறியச் சொல்ல, லட்சக்கணக்கான முயற்சிகளில் ஒரு முறை பொருந்தினால் போதும்.

பிழையைத் தேடுபவருக்கோ இதே குறுகல் பெரும் எதிரி. சாதாரணப் பிழையென்றால் நடுவில் ஓர் அச்சு வரியைச் சேர்த்து, மதிப்புகள் எப்படி மாறுகின்றன என்று பார்க்கலாம். ரேஸில் அந்த அச்சு வரி எடுக்கும் நேரமே வரிசையை மாற்றிவிடும், பிழை மறைந்துவிடும். வரியை எடுத்ததும் திரும்ப வரும். அதனால் அனுபவசாலிகள் எதிர்த்திசையில் போகிறார்கள். சந்தேகப்படும் இரண்டு படிகளுக்கு நடுவில் வேண்டுமென்றே ஒரு தாமதத்தைச் செருகி, இடைவெளியை அகலமாக்குகிறார்கள். சந்தேகம் சரியென்றால் அபூர்வமாக விழுந்த பிழை ஒவ்வொரு முறையும் விழும். திருத்திய பின், அதே தாமதத்தோடு ஓட்டியும் விழக் கூடாது. இரவெல்லாம் ஓட்டினோம், எதுவும் ஆகவில்லை என்பது இந்த வகைப் பிழைக்குச் சான்றே அல்ல.

இந்த உத்தியையே கருவியாக்கியது கேசிசான். 2020-ல் லினக்ஸ் 5.8 பதிப்பில் வந்தது. நினைவகத்தைத் தொடும் சில ஆயிரம் தருணங்களில் ஒன்றைத் தேர்ந்து, அந்த த்ரெட்டை 80 மைக்ரோநொடி அளவுக்கு நிறுத்திவைத்து, அதே இடத்தை வேறு யாராவது பூட்டில்லாமல், அதாவது 'நான் முடிக்கும்வரை மற்றவர் தொடக் கூடாது' என்ற தடை போடாமல், தொடுகிறார்களா என்று பார்க்கிறது. பூட்டுகளின் வரிசையைக் கண்காணிக்கும் லாக்டெப் அதற்கும் மூத்தது, 2006-ல் இருந்து இருக்கிறது.

ஆனால் டர்ட்டி கௌ இந்த இரண்டின் வலையிலும் சிக்கியிருக்காது என்பதுதான் அதன் கொடுமை. அதில் யாரும் பூட்டை மறக்கவில்லை. எந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்று குறிக்கும் பக்க அட்டவணையைத் தொட்ட ஒவ்வொரு முறையும் அதற்குரிய பூட்டு போடப்பட்டது. நினைவகப் பரப்பு முழுவதற்குமான பூட்டை எழுதுபவரும் எறிபவரும் வாசகர்களாகப் பகிர்ந்துதான் எடுத்தார்கள், அதுவும் விதிப்படியே. ஒவ்வொரு படியும் தனித்தனியே பார்த்தால் சரி. முதல் படியில் தெரிந்துகொண்ட செய்தி மூன்றாவது படியிலும் உண்மையாக இருக்கும் என்ற நம்பிக்கைதான் தவறு. அந்த நம்பிக்கை எந்த வரியிலும் எழுதப்படவில்லை.

2005-ல் டோர்வால்ட்ஸ் கண்டது இதைத்தான். பக்கம் உண்மையிலேயே எழுதப்பட்ட பிரதிதானா என்று அறிய, அட்டவணையில் 'எழுதப்பட்டது' என்று குறிக்கும் 'டர்ட்டி' பிட்டைப் பார்க்கலாம் என்று ஒரு சோதனையைச் சேர்த்தார். ஐபிஎம்மின் எஸ்390 பெருங்கணினிகளில் அது முட்டிக்கொண்டது. அங்கே அந்தச் செய்தி பக்க அட்டவணையில் இருப்பதில்லை, நினைவகப் பக்கத்தோடு சேர்ந்த வேறொரு இடத்தில் இருக்கும். சோதனை விலக்கப்பட்டது. அன்று அந்த ரேஸ் ஏட்டில் மட்டுமே சாத்தியம் என்று தோன்றியது. பின்னால் கெர்னலின் நினைவகப் பகுதி பல செயலிகளில் ஒரே நேரத்தில் வேகமாக ஓடும்படி மேம்பட்டது. மேம்பாடே இடைவெளியை எட்டிப்பிடிப்பதை எளிதாக்கியது. ஒரு ரேஸை 'நடைமுறையில் வராது' என்று ஒதுக்குவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கெர்னல் வரலாற்றில் தேடினாலும் கிடைப்பது அரிது.

2016 திருத்தம் எழுதும் கொடியை இறக்குவதை நிறுத்தியது. பதிலாக 'பிரதி எடுத்தாகிவிட்டது' என்ற புதிய உள்கொடி வந்தது. அந்தக் கொடி இன்னும் செல்லுபடியாகிறதா என்பதை ஒவ்வொரு சுற்றிலும் டர்ட்டி பிட்டை வைத்துச் சரிபார்க்கச் செய்தார்கள். எஸ்390 சிக்கலும் அதற்குள் 3.9 பதிப்பில் தீர்ந்திருந்தது.

அத்தோடு முடியவில்லை. 2 மெகாபைட் அளவுள்ள பெரும்பக்கங்களுக்கும் அதே சோதனை நீட்டப்பட்டபோது, அங்கே வெறும் வாசிப்பின்போதே டர்ட்டி பிட் ஏற்றப்படுவதை யாரும் கவனிக்கவில்லை. எழுதாத பக்கமும் எழுதப்பட்ட பிரதி போலத் தெரிந்தது. 2017 நவம்பரில் பைண்டெசி என்ற நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அதைக் காட்டினார்கள். எல்லா நிரல்களும் பகிர்ந்துகொள்ளும், பூஜ்யங்கள் மட்டுமே இருக்க வேண்டிய பெரும்பக்கத்தில் அவர்களால் எழுத முடிந்தது. ஓட்டை முந்தையதைவிடச் சிறியது. காரணம் அதே குடும்பம்: ஒரு பிட் ஒன்றைச் சொல்கிறது என்று இங்கே நம்புகிறார்கள், அங்கே வேறு வேலைக்காக அதை ஏற்றுகிறார்கள்.

5.16 பதிப்பில் அதே கதை மறுபடி நடந்தது. நினைவகத்திலேயே வாழும் தற்காலிகக் கோப்புகளுக்காகச் சேர்த்த ஒரு மாற்றம், வாசிக்க மட்டும் இணைத்த பக்கத்தையும் டர்ட்டி என்று குறித்தது. எழுத அனுமதி இல்லாத பயனர் அந்தக் கோப்புகளை மாற்ற மீண்டும் வழி பிறந்தது. 2022 ஆகஸ்டில் ரெட் ஹாட்டின் டேவிட் ஹில்டன்பிராண்ட் இதைத் திருத்தியபோது டர்ட்டி பிட்டை நம்புவதையே கைவிட்டார். இந்தப் பக்கம் எந்தக் கோப்புக்கும் சேராததா, இந்த ஒரு நிரலுக்கு மட்டுமே உரியதா என்பதைக் கெர்னல் இப்போது நேரடியாகவே கேட்கிறது. பிரதி எடுத்ததை நினைவில் வைத்துக்கொள்ள 2016-ல் சேர்த்த அந்த உள்கொடி தேவையற்றுப் போனது. அதே திருத்தத்தில் அது நீக்கப்பட்டது.