நீருக்குள் ஓர் அளவுகோல்

சென்னையிலிருந்து கல்கத்தாவுக்குச் செல்லும் பெருஞ்சாலையில் வடக்கே போனால், கும்மிடிப்பூண்டியை எட்டுவதற்கு முன் புதுவாயல் என்னும் ஊர் வருகிறது. ஒரு பக்கம் நெல் வயல். மறு பக்கம் தொழிற்சாலை. சற்றுத் தெற்கே பஞ்செட்டியில், சென்னை மாநகரத்தின் தாகம் தீர்ப்பதற்காக ஆழ்கிணறுகள் தோண்டப்பட்டன. ஆகவே இப்பிரதேசத்து நிலத்தடி நீரில் என்ன கலந்திருக்கிறது என்ற கேள்வி உள்ளூராரோடு நின்றுவிடுவதன்று. குடத்து நீர் பளிங்குபோல் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் தெளிவு தூய்மைக்குச் சாட்சியாகுமா? கண் சொல்லாததைச் சொல்லும் கருவி ஒன்று உண்டு. அந்தக் கருவி சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கு உலகெங்கும் கையாளப்படும் அளவுகோல், இதே சாலையின் மறு கோடியில், கல்கத்தாவில், தமிழர் இருவரால் கண்டறியப்பட்டது. இச்செய்தி நம் வீடுகளில் பலருக்கும் எட்டாதிருப்பது விந்தையே.

கதை ஒரு மருந்திலிருந்து தொடங்குகிறது. குவினைனை நம் நாட்டார் நன்கறிவர். நீலகிரியில் 1860-ஆம் ஆண்டுகளிலிருந்து சின்கோனா மரம் பயிரிட்டு, அதன் பட்டையிலிருந்து எடுத்த கசப்பு அது. தபாலாபீஸில் பொட்டலமாக வாங்கி விழுங்கிய தலைமுறையும் உண்டு. குவினைனைச் சிறிது அமிலம் சேர்த்த நீரில் கரைத்து வெயிலில் வைத்தால், நிறமற்ற அந்த நீரின் மேற்பரப்பில் மெல்லிய நீலம் படரும். 1845-ல் ஜான் ஹெர்ஷல் இதைக் கண்டு எழுதினார். காரணத்தை விளக்கியவர் ஜார்ஜ் ஸ்டோக்ஸ், ஆண்டு 1852. இருட்டறைக்குள் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் வர்ணங்களாகப் பிரித்து, குவினைன் நீர் கொண்ட குழாயைச் சிவப்பிலிருந்து ஊதாவை நோக்கி அவர் நகர்த்திக்கொண்டே போனார். சிவப்பில் ஒன்றுமில்லை, பச்சையிலும் ஒன்றுமில்லை. ஊதாவையும் தாண்டி, கண்ணுக்கு வெறும் இருளாகத் தோன்றும் இடத்தில் வைத்ததும் குழாய் நீலமாக ஒளிர்ந்தது! புலப்படாத கிரணத்தை வாங்கிக்கொண்டு புலப்படும் கிரணத்தைத் திருப்பித் தருகிறது குவினைன். இந்நிகழ்ச்சிக்கு அவர் ஃப்ளூரஸன்ஸ் என்று பெயரிட்டார். நாம் உடனொளிர்வு என்போம்.

நாணயம் மாற்றுகிற தரகன் முழுத் தொகையையும் திருப்பித் தருவதில்லையே, அதுபோலத்தான் இதுவும். மூலக்கூறு ஒளியை வாங்குகிறது. ஒரு விநாடியின் நூறு கோடியில் சில பங்கு நேரம் தன்னிடம் வைத்திருக்கிறது. அதற்குள் சிறிது சக்தியை வெப்பமாகச் செலவழித்துவிட்டு, மிச்சத்தை ஒளியாக விடுகிறது. சக்தி குறைந்ததால் அலைநீளம் கூடுகிறது. குவினைன் 350 நானோமீட்டர் ஒளியை வாங்கினால், ஏறத்தாழ 450 நானோமீட்டரில் நீலமாகத் தருகிறது. ஒவ்வொரு பொருளும் வாங்கும் நிறமும் தரும் நிறமும் வெவ்வேறு. ஆகவே இவ்விரண்டையும் அளந்தால் பொருளை ஒருவாறு அடையாளம் கண்டுவிடலாம்.

அளக்கும் கருவியின் பெயர் ஸ்பெக்ட்ரோ ஃப்ளூரோமீட்டர். பெயர்தான் வாய்க்குள் நுழைவது கஷ்டம். அமைப்பு அப்படி ஒன்றும் புரியாததன்று. ஒரு மூலையில் ஸெனான் வாயு நிரப்பிய விளக்கு. அதன் ஒளியைப் பிரித்து, வேண்டிய நிறத்தை மட்டும் அனுப்பும் வாயிற்காவலன் ஒருவன். நடுவே, நான்கு பக்கமும் மெருகிட்ட சதுரக் குப்பியில் சோதிக்க வேண்டிய நீர். அங்கிருந்து கிளம்பும் ஒளியை ஆராய்ந்து ஒவ்வொரு நிறமாக உள்ளே விடும் இரண்டாவது வாயிற்காவலன். அவனுக்குப் பின்னால், துளி ஒளியையும் மின்சாரமாக்கிப் பன்மடங்கு பெருக்கும் குழாய். இரண்டாவது காவலன் விளக்குக்கு நேர் எதிரே நிற்பதில்லை; செங்கோணத்தில் பக்கவாட்டில் நிற்கிறான். நேர் எதிரே நின்றால் விளக்கின் வெளிச்சமே கண்ணைக் கூசச் செய்துவிடும். ஊர்த் திருவிழாவில் வாணவேடிக்கைக்கு நடுவே மின்மினியைத் தேடிய கதையாகும்.

குப்பியும் சாதாரணக் கண்ணாடியாயிருத்தல் ஆகாது. குறுகிய அலைநீளமுள்ள புற ஊதாக் கதிரை அது தடுத்துவிடும். படிகக்கல் வகையான குவார்ட்ஸே வேண்டும். விரல் ரேகை பட்டால் அதுவும் ஒளிரும்; ஆகையால் குப்பியை மூலையைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். நம் வேஷ்டியை வெளுப்பாகக் காட்டும் சலவைத் தூளும் புற ஊதாவில் நீலமாக ஒளிரக்கூடியதே. கழுவிய பாத்திரத்தில் அதன் மிச்சம் ஒட்டியிருந்தால் சோதனை வீண்.

இத்தனை ஜாக்கிரதையாக இருந்து, பரம சுத்தமான நீரையே வைத்துப் பார்த்தாலும் கருவி ஒரு சிறு மேட்டைக் காட்டுகிறது. இது அழுக்கா, நீரா? கல்கத்தாவில் பௌபஜார் தெருவிலிருந்த இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தைப் பல ஆண்டுகள் வாட்டிய கேள்வி இதற்குச் சகோதரமானதே.

திருவானைக்காவலில் பிறந்த சந்திரசேகர வெங்கட ராமன் 1921-ல் கப்பலில் திரும்பும்போது கடலின் நீலத்தைக் கண்டு, திரவங்களில் ஒளி சிதறுவதை ஆராயத் தொடங்கினார். 1923-ல் அவரிடம் பணிபுரிந்த கே. ஆர். ராமநாதன், நீர் முதலிய திரவங்களில் நிறம் மாறிய மங்கலான ஒளி ஒன்றைக் கண்டார். அழுக்கினால் உண்டான உடனொளிர்வு என்றே முதலில் கருதினர். திரவத்தைத் திரும்பத் திரும்பக் காய்ச்சி வடித்தார்கள். ஒளி மறையவில்லை. 1928 ஜனவரியில் வெங்கடேசுவரன் என்பார் கிளிஸரினில் அதைப் பிரகாசமாகவே கண்டார். பிறகு வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனை ராமன் அதில் ஈடுபடுத்தினார்.

அவர்களிடமிருந்த கருவிகளைக் கேட்டால் இன்றையக் கல்லூரி மாணவன் சிரிப்பான். 18 சென்டிமீட்டர் வாயுள்ள தொலைநோக்கி லென்ஸால் சூரிய ஒளியைக் குவித்தனர். வழியில் நீல-ஊதா வடிகட்டி. பார்ப்பவர் கண்ணுக்கு முன் மஞ்சள்-பச்சை வடிகட்டி. ஒன்று விட்டதை மற்றொன்று தடுக்கும். திரவத்துக்குள் நிறம் மாறியிருந்தாலொழியக் கண்ணுக்கு ஒளி வராது. வந்தது! ஒன்றல்ல, சுமார் 60 திரவங்களில் வந்தது.

நிறம் மாறியது என்பது மட்டும் போதாது; குவினைனும் நிறத்தை மாற்றுகிறதே. அவர்கள் ஒளியின் அதிர்வுத் தளத்தைச் சோதித்தார்கள். சாதாரண நீர்மத்தில் ஒளிரும் மூலக்கூறு, தன்னிடம் ஒளியை வைத்திருக்கும் அந்தக் கண நேரத்துக்குள் புரண்டு திரும்பிவிடுவதால், வெளிவரும் ஒளியின் தளம் கலைந்துபோகிறது. சிதறலிலோ காத்திருப்பு இல்லை. தளம் கலையாமல் வருகிறது. கிளிஸரினோ பாகுபோன்றது, அதில் மூலக்கூறு எளிதில் புரளாது. அதை மட்டும் நம்பியிருந்தால் ஐயம் தீர்ந்திராது. ஆவிகளிலும் பார்த்தார்கள், அங்கும் தளம் கலையவில்லை. 28-2-1928 அன்று வர்ணமானியில் நோக்கியபோது, புதிய ஒளி பழைய ஒளியிலிருந்து இருண்ட இடைவெளியால் பிரிந்து தனியே நின்றது. பாதரஸ விளக்கை வைத்ததும் அது தெளிவான கோடுகளாயிற்று. உடனொளிர்வு அகன்ற பட்டையாக வரும். கோடு கோடாக வராது. ராமனும் கிருஷ்ணனும் எழுதிய கடிதம் மார்ச் 31-ல் லண்டன் ‘நேச்சர்’ பத்திரிகையில் வெளியாயிற்று. 1930-ல் நோபல் பரிசு ராமனுக்கு வந்தது. கிருஷ்ணன் பங்கு இன்னும் சற்று உரக்கச் சொல்லப்பட்டிருக்கலாம் என்பது நமது அபிப்பிராயம்.

இனி அந்தச் சிறு மேட்டுக்கு வருவோம். 350 நானோமீட்டர் ஒளியைச் சுத்த நீருக்குள் செலுத்தினால் 397-ல் மேடு தோன்றும். செலுத்தும் ஒளியை 300 ஆக்கினால் மேடு 334-க்குப் போகும். 400 ஆக்கினால் 463-க்கு நகரும். சுங்கச் சாவடியில் ஒரே கட்டணம் வாங்குவதுபோல், வந்த ஒளி எதுவாயினும் நீர் ஒரே அளவு சக்தியைப் பிடித்துக்கொள்வதால் இப்படி. உடனொளிர்வின் மேடோ பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நிற்கும். இதுவே இரண்டையும் பிரித்தறியும் வழி. உடனொளிர்வு அன்று என்று நிலைநாட்ட அரும்பாடுபட்ட அந்த ஒளி, இன்று உடனொளிர்வுக் கருவிகளுக்கே உரைகல்லாகிவிட்டது. கருவி செய்யும் கம்பெனிகள் தங்கள் சரக்கின் கூர்மையை, நீரின் 397 மேட்டை எவ்வளவு துலக்கமாகக் காட்டும் என்பதைக் கொண்டே பறைசாற்றுகின்றன. 2009-ல் டென்மார்க் ஆராய்ச்சியாளர் இருவர், அம்மேட்டின் பரப்பையே ஓர் அலகாகக் கொள்ளும் முறையை வகுத்தனர். ராமன் அலகு என்று அது வழங்குகிறது. நம்மவர் பெயரால் அளக்கிறார்கள். கருவியைப் பெரும்பாலும் நாமே வெளிநாட்டிலிருந்து விலைக்கு வாங்குகிறோம்.

கிணற்று நீருக்கு இதனால் என்ன பயன்? சாக்கடை கலந்த நீர், 280 நானோமீட்டரில் தூண்டினால் 350-ஐ ஒட்டி ஒளிர்கிறது. புரதத்திலுள்ள டிரிப்டோபான் போன்ற பொருள்களின் வேலை அது. மக்கிய இலை தழையின் சாரம் 440-ஐ ஒட்டித் தெரியும். எண்ணெய்க் கசிவும் பெரும்பாலும் தப்பாது. சில நிமிஷங்களில், ரஸாயனம் ஒன்றும் சேர்க்காமலே, சந்தேகத்துக்குரிய கிணற்றைச் சுட்டிக்காட்டிவிடலாம். ஆனால் கடலோரப் பிரதேசத்தின் பெருந்தொல்லையாகிய உப்பு ஒளிர்வதில்லை. ஈயம், குரோமியம் போன்றவை நீரில் கரைந்திருந்தாலும் தாமாக ஒளிரமாட்டா. அவற்றுக்கு வேறு சோதனைகள் வேண்டும். இந்தக் கருவி ‘குறையில்லை’ என்றதும் நீரைக் குடித்துவிடலாம் என்று யாரேனும் சொன்னால் நம்பவேண்டாம்.

வீட்டில் பிள்ளைகளுக்கு இந்த வித்தையைக் காட்ட விரும்புவோர், கடைகளில் ரூபாய் நோட்டைச் சோதிக்கும் ஊதா விளக்கை இரவல் வாங்கலாம். கிரணம் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்க. குவினைன் சேர்ந்த டானிக் தண்ணீர் நீலமாக மின்னும். மஞ்சள்தூளைச் சிட்டிகையளவு சாராயச் சத்தில் கரைத்துத் தெளியவைத்தால் பசுமஞ்சளாக ஒளிரும். அடுப்புப் பக்கம் மட்டும் கொண்டுபோகலாகாது. தூளை அதிகமாகப் போட்டால் ஒளி உள்ளே செல்லாமல் மேற்பரப்பிலேயே நின்றுவிடும். அப்போது இன்னும் கொஞ்சம் சத்தை ஊற்றி நீர்த்துப் பார்க்க வேண்டும்.