ஓரத்து நாற்காலி உஹுரா

விண்வெளிக் கதையா, எனக்கா என்று முதலில் அலுத்துக்கொண்டேன். பிள்ளைகளோடு உட்கார்ந்து 'ஸ்டார் ட்ரெக்' பார்த்தபோது என் கண் கதாநாயகன் மேல் நிற்கவேயில்லை. பின்னால் ஓரமாக, காதில் கருவியோடு, சிவப்பு உடுப்பில் உட்கார்ந்திருந்தாளே உஹுரா, அவள் மேல்தான்!

1966-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய தொடர். கப்பலின் செய்தித் தொடர்பு அதிகாரி அவள். வசனம் என்ன பெரிய வசனம்! "அலைவரிசை திறந்தாச்சு, கேப்டன்." பல வாரம் அதோடு சரி. தொடர் முடியும்வரை முழுப் பெயர்கூட வைக்கவில்லை, பாவம். 'நியோடா' என்ற பெயர் திரையில் ஒலித்ததே 2009 படத்தில்தான்!

நடித்த நிஷெல் நிக்கல்ஸுக்கும் அலுத்துப்போய், முதல் வருஷத்தோடு விலக முடிவு செய்தார். அப்போது ஒரு விழாவில், உங்கள் ரசிகர் ஒருவர் பார்க்கணும்கிறார் என்றார்களாம். திரும்பினால் மார்ட்டின் லூதர் கிங்! தன் பிள்ளைகள் பார்க்க வீட்டில் அனுமதிக்கும் ஒரே தொடர் இதுதான் என்றாராம். கறுப்பினப் பெண்ணை வேலைக்காரியாக இல்லாமல் அதிகாரியாக நாடே பார்க்கிறது, போகவே கூடாது என்று கண்டிப்பு வேறு. நிக்கல்ஸ் தங்கிவிட்டார். பிறகு 1991 வரை ஆறு திரைப்படங்களிலும் அதே உஹுரா!

1977-ல் விண்வெளி வீரர் வேலைக்குப் பெண்களும் கறுப்பினத்தவரும் மனுப்போடணும் என்று பேச நாஸா இவரைத்தான் அனுப்பியது. மறுவருஷம் தேர்வான 35 பேரில் ஆறு பேர் பெண்கள்.

உஹுராவைப் பார்த்து வளர்ந்த மே ஜெமிசன், 1992-ல் விண்வெளிக்குப் போன முதல் கறுப்பினப் பெண். அங்கே தினமும் வேலை தொடங்கும்போது அவர் சொன்னது, உஹுராவின் அந்த ஒற்றை வரியைத்தானாம்.