ஆனைக்காவும் சங்கிலியும்

பாசம் என்னும் சொல்லுக்குக் கயிறு என்பது பொருள். ஆணவம், கன்மம், மாயை என்னும் மூன்று கயிறுகளாற் கட்டுண்டு கிடப்பது பற்றியே நம் சித்தாந்தம் உயிரைப் பசு என்றது. விடுதலைக்கு ஏங்கும் நம் நிலையை உணர்த்த, ஆன்றோருக்குக் கட்டுண்ட விலங்கைவிடப் பொருத்தமான உவமை கிடைக்கவில்லை போலும்! எங்கள் கட்டை அவிழ்த்தருள்க என்று சந்நிதியில் இறைஞ்சும் நாம், வெளியே சங்கிலியோடு நிற்கும் உயிரை யாதும் எண்ணாது கடந்து போவது எங்ஙனம்?

திருவானைக்காத் தலவரலாறு யாவரும் அறிந்ததே. வெண்ணாவல் நீழலில் எழுந்தருளிய பெருமானுக்குக் காவிரி நீரைத் துதிக்கையில் முகந்து வந்து ஆட்டி, மலரிட்டு வழிபட்டது ஓர் ஆனை. சருகு உதிராதபடி மேலே வலை நெய்தது ஒரு சிலந்தி. இரண்டும் பகைத்து மாண்டதும், சிலந்தி கோச்செங்கட் சோழராய்ப் பிறந்து ஆனை ஏறலாகாத மாடக்கோயில்களை எடுப்பித்ததும் பலகாற் கேட்டவை. பழம்பகை மறுபிறப்பிலும் விடவில்லை பாருங்கள்! நாம் இன்று நோக்க வேண்டுவது வேறொன்று. அவ்வானையைப் பிடித்துக் கொணர்ந்தவர் எவரும் இலர். அங்குசம் காட்டியவரும் இலர். தன் விருப்பிலே திரிந்த உயிர் தன் விருப்பிலே வந்து வழிபட்டது.

இந்நாட் கோயிலானையின் நிலை யாது? காட்டிலே பிடியானைகள் தாயும் தமக்கையும் கன்றும் சூழ, மூத்த பிடியொன்றின் பின்னே நெடுந்தொலைவு நடந்து மேய்வன. இங்கோ தனிமை, கருங்கல் தரை, காலிலே சங்கிலி. நாள்முழுதும் கல்லில் நிற்பதால் அடிக்காலில் புண் உண்டாகின்றது. அது நின்ற இடத்திலேயே இடைவிடாது அசைந்தாடுவதைக் கண்டு, நாகசுரத்துக்குத் தாளமிடுகின்றது என்று மகிழ்வாரை நாம் கண்டிருக்கின்றோம். அது தாளமன்று, தனித்துக் கட்டுண்டதன் துயரக்குறி என்பர் கால்நடை மருத்துவர். பாகரை நாம் குறை கூறவில்லை. அவருட் பலர் ஆனையைப் பிள்ளையாகவே பேணுவர்.

ஆனைமேல் திருமஞ்சனம் கொணர்தல் தொன்றுதொட்ட வழக்கன்றோ எனின், ஆம். வழக்கை விடாமலே துயரைக் குறைக்கலாகாதா என்பதே நம் வினா. திருச்சூர்ப் பகுதியில் இரிஞ்சாடப்பிள்ளிக் கண்ணன் கோயிலார் 2023இல் உயிருள்ள ஆனைக்கு ஈடாக இயந்திர ஆனையை நிறுத்தினர். இயந்திரம் துதிக்கை தூக்குவதில் நம் மனம் ஒன்றவில்லை. எனினும் அவ்வாறு செய்தார் நெஞ்சு ஈரமுடைய நெஞ்சு. தமிழக அரசு 2003இல் கோயிலானைகளை முதுமலைக்கு அழைத்துச் சென்று முகாம் நடத்தியது. ஆண்டெல்லாம் தனித்து நின்றவை தம் இனத்தைக் கண்டது அங்கேதான்.

பெருமானை ஆனை நீராட்டிய அவ்வானைக்காவிலேயே, கோயிலானை அகிலா நீராட 2021இல் குளம் ஒன்று அமைந்தது. அதனைக் காணச் செல்லும் அன்பர்கள் தத்தம் ஊர்க் கோயிலிலும், பழம் கொடுப்பதோடு நில்லாது, ஆனை நிற்க மண்தரை உண்டா, சங்கிலி எத்துணைப் பொழுது காலிற் கிடக்கின்றது என்று கோயிலாரைக் கேட்டு வருவார்களாக.