லாச்சப்பல் முனையில் ஒரு பழைய அரங்கு

பாரிஸ் நகரில் வாழும் எம்மவர்க்கு லாச்சப்பல் என்றால் மரக்கறிக் கடைகளும் நகைக்கடைகளும் ஊர்ப் புதினமுமே. அந்தக் கடைத்தெருவின் முனையில், மெட்ரோ நிலையத்தின் அருகிலேயே, 1876இல் கட்டப்பட்ட பூஃப் து நோர் அரங்கு நிற்கின்றது. அதன் வாசலைக் கடந்து கறிவேப்பிலை வாங்கச் செல்வோர் பலர். உள்ளே சென்றோர் சிலரே.

1952இல் மூடப்பட்டுப் பாழடைந்து கிடந்த இவ்வரங்கை, பிரித்தானிய நெறியாளர் பீட்டர் புரூக், மிஷெலின் ரோசானுடன் இணைந்து 1974 ஒக்டோபரில் மீண்டும் திறந்தார். புரூக்கும் லாத்வியாவிலிருந்து வந்து இலண்டனில் குடியேறிய யூதப் பெற்றோரின் பிள்ளையே. அவர் அரங்கைத் திறந்தாரேயன்றி மெருகூட்டவில்லை. உரிந்த சாந்தும் கறைபடிந்த சுவர்களும் அப்படியே விடப்பட்டன. உயர்ந்த மேடைக்குப் பதிலாக, ஆடுகளம் பார்வையாளரின் தளத்துக்கே இறக்கப்பட்டது. முன்வரிசையில் இருப்பவருக்கும் நடிகருக்கும் இடையே படியுமில்லை, திரையுமில்லை. மட்டக்களப்பு வட்டக்களரியைச் சுற்றியிருந்து கூத்துப் பார்த்தவர்களுக்கு இந்த நெருக்கம் புதிதன்று.

1985இல் அவிஞ்ஞோன் விழாவில் அரங்கேறிய புரூக்கின் ‘மகாபாரதம்’ பின்னர் இங்கே ஆடப்பட்டது. ஒன்பது மணிநேர ஆற்றுகை; திரௌபதியாக நடித்தவர் மல்லிகா சாராபாய். 1983 ஆடிக் கலவரத்தின் பின் எம்மவர் இந்நகருக்கு வந்து சேர்ந்துகொண்டிருந்த காலம் அது. எமது ஊர்களில் விடிய விடிய ஆடிய கதை, கூப்பிடு தூரத்தில் வேற்று மொழியில் ஆடப்பட்டது. வதிவிட அனுமதிக்கும் வேலைக்கும் அலைந்த எமக்கு அதைக் காண நேரமுமில்லை, மொழியுமில்லை. காவியத்தை அதன் மண்ணிலிருந்து பிடுங்கிவிட்டார் என்று ருஸ்தம் பருச்சா போன்ற விமர்சகர்கள் புரூக்கைக் கண்டித்தனர். அந்த விவாதத்தில் கூத்துக் கண்டு வளர்ந்த எமக்கும் ஓர் இடம் இருந்திருக்க வேண்டும்.

2015இல் புரூக் அதே காவியத்துக்குத் திரும்பி, ‘போர்க்களம்’ என்ற சிறிய நாடகத்தை இங்கே மேடையேற்றினார். போரில் வென்ற தருமன், மாண்டோரை எண்ணி அரசை ஏற்கக் கலங்கும் கதை அது. 2009ஐக் கண்ட எமக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை. புரூக் 2022இல் காலமானார். அரங்கு தொடர்ந்து இயங்குகின்றது.

செல்ல விரும்புவோர்க்குச் சில குறிப்புகள். ஏறத்தாழ ஐந்நூறு பேரே அமரக்கூடிய சிறிய அரங்கு இது. எனவே நுழைவுச்சீட்டை முன்கூட்டியே பெறுதல் நன்று. கீழ்த்தளத்தில் இருப்பவர் நடிகரின் மூச்சையும் கேட்பர். மேல்மாடங்களில் விலை குறைவு. ஆயின் படியேற வேண்டும், பக்கவாட்டில் இருந்தால் தூண்கள் மறைக்கவும் கூடும். முழங்கால் நோவுள்ள பெரியோரை அங்கே ஏற்றாதீர்கள். அவர்களுக்குக் கீழ்த்தளமே உகந்தது. சக்கர நாற்காலியில் வருவோர் சீட்டுப் பெறும்போதே அதனை அறிவித்தல் வேண்டும். பழைய கட்டடமாயினும் இடம் கேட்பது இரப்பதாகாது. மாற்றுத்திறனாளரும் பொது இடங்களுக்குள் செல்ல வழிசெய்யப்பட வேண்டும் என்பதை 2005ஆம் ஆண்டுப் பிரெஞ்சுச் சட்டம் வலியுறுத்துகின்றது.

பிரெஞ்சு மொழி தடையெனக் கருதுவோர் முதலில் இசைநிகழ்ச்சியொன்றுக்குச் செல்லலாம். அவையும் இங்கே நடைபெறுகின்றன. நாடகமாயின் பிள்ளைகளையும் கூட்டிச்செல்லுங்கள். அவர்கள் மொழியை விளக்குவார்கள். நாம் கதையை விளக்குவோம். வாழும் நகரின் கடைத்தெருவில் மட்டுமன்றி அதன் கலைக்கூடத்திலும் எமக்கு ஓர் இருக்கை உண்டு. அதிற் சென்று அமர்வது எமது கடன்.